நியூசிலாந்து போகிறவருக்கு 5 வெயிட் ராட்: கம்பு தங்கம், லைன்தான் உயிரை எடுக்கிறது

‘அண்ணே, கிறைஸ்ட்சர்ச்சில் வேலை கிடைச்சிருச்சு. நீங்க வச்சிருக்கிற அதே ஃப்ளை ராட் செட்டை வாங்கிட்டுப் போயிரவா?’ என்று தேவகோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். லைனை மாற்றிவிட்டு உட்கார்ந்த கையோடு எழுதுகிறேன். சூடு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளை என்பது இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்த தூண்டில் முள், ராட் அதை வீசும் கம்பு, லைன் அதோடு போகும் கனமான நூல். செட் இதுதான்: 9 அடி, நான்கு துண்டுக் கார்பன் ராட், 5 வெயிட், சாதாரண டிஸ்க் டிராக் ரீல், மிதக்கும் லைன். நியூசிலாந்தின் ஆற்றுக்கும் நம் கண்மாய்க்கும் ஒரே செட்தான். ராடைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. கார்க் கைப்பிடி கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். துண்டுகள் சேரும் இடத்தில் செம்மண் பொடி புகுந்தால் இறுகிக்கொள்ளும், ஒருவர் தனியாக இழுத்தால் வராது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு ஒரு கையை இணைப்புக்கு அந்தப் பக்கமும் ஒரு கையை இந்தப் பக்கமும் வைத்து, முறுக்காமல் நேராக இழுத்தால் கழன்றுவிடும். முறுக்கினால் கார்பன் பிளந்துபோகும். இன்னொன்று, கார்பன் மின்சாரம் கடத்தும். கண்மாய்க் கரைகளில் பம்புசெட்டுக்குப் போகிற கம்பி தலைக்கு மேலே தொங்கும். 9 அடிக் கம்பைத் தூக்குவதற்கு முன்னால் மேலே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இடி இடித்தால் கம்பைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும்.

இனி லைன்.

நம் ஊர்த் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம்தான் தங்கூஸ் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இதில் தலைகீழ். இறகும் நூலும் சுற்றிய முள்ளுக்கு எடையே கிடையாது, லைனின் எடைதான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 5 வெயிட் என்றால் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், நம் கணக்கில் சுமார் 9 கிராம். ராட் வளைவதே அந்த 9 கிராமுக்காகத்தான். ஆகவே லைன் கெட்டால் எவ்வளவு நல்ல ராடும் வெறும் கம்புதான். கடைக்காரர்கள் ராடைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், லைனைக் கடைசியில் இலவச இணைப்பு மாதிரி தள்ளிவிடுவார்கள். எரிச்சல் தொடங்கும் இடம் அதுதான்.

லைனின் உள்ளே பின்னிய நைலான் நூல், மேலே பிவிசி பூச்சு. பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் குமிழ்கள் கலந்திருப்பதால்தான் மிதக்கிறது. பிவிசி தன்னால் கெட்டியான பொருள். அதை வளைய வைப்பது அதில் கலந்த பிளாஸ்டிசைசர். குளிர்நீருக்கென்று செய்த லைனில், 8 டிகிரித் தண்ணீரிலும் விறைக்காமல் இருப்பதற்காகப் பூச்சை மென்மையாக வைத்திருப்பார்கள். அதே லைனைப் பங்குனி, சித்திரையில் கண்மாயில் போட்டால் வெயிலில் வைத்த கடலைமிட்டாய் மாதிரி பிசுபிசுக்கும். வளையத்தில் உரசி ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு வேகமாக வீசினாலும் ஓடாது, தொங்கி விழும். சரி, வெப்பமண்டல லைன் வாங்கலாம் என்றால் அது இதற்கு நேரெதிர். பூச்சும் கெட்டி, பலவற்றில் உள்நூலும் ஒற்றை நரம்பு. டோங்காரிரோ ஆற்றில் குளிர்காலத்தில் அதை ரீலிலிருந்து உருவினால் ஸ்பிரிங் ஸ்பிரிங்காகச் சுருண்டே வரும். இரண்டு ஊருக்கும் ஒரே லைன் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பவே கூடாது. இரண்டு ஊரிலும் அரைகுறையாக வேலை செய்யும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

வெயில் மட்டுமல்ல. நம் பக்கத்துச் சரளைத் தரை அரம் மாதிரி. கரையில் நின்று உருவிய லைனைக் காலடியில் விட்டு, அதன் மேலேயே நடந்தால் பூச்சில் ஊசிக் கீறல் விழும். கீறல் வழியாக நைலான் நூல் தண்ணீரைக் குடிக்கும், முன்பக்க முனை முழுகத் தொடங்கும். மிதக்கும் லைன் முழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் முனையைப் பாருங்கள். பெரும்பாலும் லீடர் (லைன் முனைக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பு) சேரும் இடத்தில் பூச்சு விட்டிருக்கும். ஒரு சாண் வெட்டியெறிந்து, முனையில் ஒரு சொட்டு வளையும் பசை வைத்து அடைத்து, லீடரை மறுபடி நெயில் நாட் என்ற முடிச்சுப் போட்டுக் கட்டினால் சரியாகிவிடும். கரையில் நிற்கும்போது ஒரு பிளாஸ்டிக் டப்பையோ பழைய சாக்கையோ காலடியில் போட்டு அதில் லைனை விடுங்கள். பழகுவதற்குப் புல்தரையோ தண்ணீரோதான். சிமெண்ட் முற்றத்தில் வீசிப் பழகினால் பூச்சு சீக்கிரமே தேய்ந்துபோகும்.

அடுத்த எமன் கொசு மருந்து. நியூசிலாந்தின் மேற்குக் கரையிலும் ஃபியோர்ட்லாந்திலும் சாண்ட்ஃப்ளை என்று ஒரு கடிப் பூச்சி. மனிதரை நிற்க விடாது. அதற்குப் பூசும் மருந்துகளில் பலவற்றில் ‘டீட்’ இருக்கும். டீட் பிளாஸ்டிக்கை இளக்கும் பொருள். பூசிய விரலோடு லைனைத் தொட்டால் பூச்சு கெட்டுப்போகும், கண்ணாடியின் ஃபிரேமில்கூட விரல்ரேகை பதியும். பிகாரிடின் கலந்த மருந்தில் இந்தத் தொல்லை இல்லை. டீட்தான் கிடைத்தது என்றால் புறங்கையால் தேய்த்துக்கொண்டு, உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூண்டிலைத் தொடுங்கள். வெயில் கிரீமுக்கும் இதே விதி. அங்கே புற ஊதாக் கதிர் கடுமை, கிரீம் இல்லாமல் போக முடியாது.

லைன் கழுவும் முறை: ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு இரண்டு சொட்டு. லைனை உருவி வளையம் வளையமாக அதில் இறக்குங்கள். எடுக்கும்போது பழைய வேட்டித் துணியில் கிள்ளிப் பிடித்து இழுத்தால் துணியில் கறுப்புக் கோடு விழும், அதுதான் அழுக்கு. கோடு விழுவது நிற்கும் வரைக்கும் திரும்பச் செய்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்தி, லைனுக்கென்று விற்கும் பூச்சைத் துளி தேய்த்துச் சற்று ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். சுருள் விழுந்திருந்தால் திண்ணைத் தூணில் ஒரு முனையைக் கட்டிப் பத்து மீட்டர் விட்டு மெல்ல இழுத்துப் பிடித்தால் நிமிரும். தேக்குத் தூணாக இருந்தால் துணி சுற்றிக் கட்டுங்கள், தூணுக்காகச் சொல்கிறேன். வெயிலில் காயப்போடவே கூடாது. கார் டிக்கியில் விட்டுவிட்டுப் போவது அதைவிட மோசம்.

அங்கே போனால் இந்தக் கழுவல் சொந்த விருப்பம் இல்லை, கடமை. 2004-இல் சவுத்லாந்தின் வாயாவு ஆற்றில் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. ஈரமான ஒரு சொட்டில் ஒட்டிக்கொண்டே அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். 2023-இல் வைக்காட்டோ ஆற்றில் வெளிநாட்டுச் சிப்பி ஒன்றும் சேர்ந்துகொண்டது. ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகுமுன் பார், கழுவு, உலர்த்து என்பது அங்கே பழகிப்போன ஒழுங்கு. தொட்டால் உலர்ந்திருப்பது போதாது, அதற்கு மேலும் 48 மணி நேரம் விட வேண்டும். மரவீடுகளில் குளிர்காலத்து ஈரம் இருக்கிறதே, பூட்ஸ் உலர்வதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும். காரைக்குடியில் அரை நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிற பூட்ஸ் அங்கே வாரம் இழுக்கும். காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் வாங்குங்கள், மீனுக்காக இல்லாவிட்டாலும் படுக்கைக்காகத் தேவைப்படும். அடிப்பாகத்தில் ஃபெல்ட் (அமுக்கிய கம்பளி மாதிரியான துணி) ஒட்டிய பூட்ஸ் 2008 முதல் அங்கே தடை. ரப்பர் அடிதான் செல்லும், இங்கிருந்து வாங்கிப் போகிறவர்கள் இதில்தான் பணத்தைத் தொலைக்கிறார்கள். இந்தக் கழுவலுக்காகப் பாத்திரம் கழுவும் திரவத்தில் லைனை அடிக்கடி முக்கினால் வழுக்குப் பூச்சு போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறையும் மேல்பூச்சு. மறுபடி லைன், மறுபடி எரிச்சல்.

கிறைஸ்ட்சர்ச் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊர் இருக்கும் கேண்டர்பரியில் வடமேற்குக் காற்று எழும்பினால் 5 வெயிட் திணறும். ராகையா, வைமகரிரி மாதிரி விரிந்த கல்லாறுகளில் மறைப்பே கிடையாது. தம்பிக்கு 6 வெயிட்தான் சரி. லைன் நிறம் மங்கிய பச்சையாக இருக்கட்டும். தண்ணீர் கண்ணாடி மாதிரி என்பதால் மீனை முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீசுவார்கள். ஆரஞ்சு லைன் தலைக்கு மேல் போனால் டிரவுட் (அங்கே பிடிக்கும் குளிர்நீர் மீன்) ஓடிவிடும். லீடர் 12 அடிக்குக் குறையக் கூடாது. நம் கண்மாய்க் கலங்கலில் எந்த நிறமும் செல்லும், 7 அடி லீடரே தாராளம்.

கண்மாயில் இந்த 5 வெயிட்டுக்கு ஏற்ற மீன் ஜிலேபி. 12, 14 எண் முள்ளில் சுற்றிய நிம்ஃப் (தண்ணீருக்குள் வாழும் இளம்பூச்சி மாதிரியான ஃப்ளை), மெதுவாக விரலால் உருவல். முள்ளின் பின்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். விராலுக்கு இது பற்றாது. அல்லிக்கொடிக்குள் தலையை விட்டால் டிப்பட் (லீடரின் மெல்லிய நுனி) அறுந்துவிடும், 8 வெயிட் வேண்டும். சிவந்த குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் விராலின் மேல் ஃப்ளையைப் போடாதீர்கள். கோபத்தில் கடிக்கும், எடுத்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரை. குடிதண்ணீர் ஊரணிப் பக்கமே போக வேண்டாம். குத்தகைக் கண்மாய் என்றால் குத்தகைதாரரிடம் முதலில் ஒரு வார்த்தை. நியூசிலாந்திலும் பண்ணை நிலத்தைக் கடந்து ஆற்றுக்குப் போக விவசாயியிடம் கேட்டாக வேண்டும், கதவைத் திறந்த மாதிரியே, மூடிய மாதிரியே விட்டுப் போக வேண்டும். மீன்பிடி லைசென்ஸ் ஃபிஷ் அண்ட் கேம் என்ற அமைப்பிடம். டௌபோ பகுதிக்கு மட்டும் அது செல்லாது, தனி லைசென்ஸ்.

கரையில் பின்னால் சீமைக் கருவேலம் இருந்தால் தலைக்கு மேல் வீச முடியாது. ஃப்ளை முள்மரத்தில், நாம் கீழே. கலுங்கு மேல் நின்றால் பின்பக்கம் வெட்டவெளி, அங்கே வீசலாம். மற்ற இடத்தில் ரோல் காஸ்ட், அதாவது லைனைப் பின்னால் எறியாமல் தண்ணீரிலிருந்தே முன்னால் உருட்டி வீசுவது. லைன் வாங்கும்போது இந்த ரோல் காஸ்ட்டை நினைவில் வையுங்கள். முன்பக்கம் மட்டும் கனமான டபிள்யூ.எஃப். லைனை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். இரு முனையும் ஒரே மாதிரி மெலியும் டி.டி. லைன் ரோல் காஸ்ட்டுக்கு நன்றாகப் படியும். முதல் 30 அடிக்கு இரண்டுக்கும் எடை ஒன்றுதான். முன்பாதி தேய்ந்து வெடித்ததும் ரீலிலிருந்து கழற்றித் திருப்பிச் சுற்றினால் பின்பாதி புத்தம்புதிது. ஒரு காசுக்கு இரண்டு லைன்.

சமையலைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் திட்டு விழும். அங்கே டிரவுட் வாங்குவதும் விற்பதும் சட்டப்படி குற்றம், எந்தக் கடையிலும் கிடைக்காது. பிடித்தால்தான் குழம்பு. செதில் உரச வேண்டியதில்லை. கல்லுப்பு போட்டுத் தேய்த்து வழுவழுப்பைக் கழுவி, முதுகெலும்பு ஓரம் ஒட்டியிருக்கும் கறுத்த ரத்தக் கோட்டை விரல்நகத்தால் வழித்தெடுங்கள். அது இருந்தால் கசக்கும். சதை மென்மை, விரால் மாதிரி தாங்காது. சின்ன வெங்காயம், பூண்டு, புளி எல்லாம் கொதித்து நல்லெண்ணெய் மேலே பிரிந்தபின் துண்டுகளை இறக்கி ஐந்து நிமிடம். கரண்டி போடக் கூடாது, சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று.

முடிவு என்ன என்று கேட்டால், மனம் இருக்கிற நிலையில் இதைத்தான் சொல்வேன்: இந்தச் செட்டை வாங்காதீர்கள். ராடுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் லைன் பிழைப்பைப் பார்த்தால் வேண்டவே வேண்டாம். தேய்ந்த லைனுக்குப் பதில் இங்கே ஏற்றியிருப்பது அதே குளிர்நீர் லைன்தான், டி.டி.யில். கடையில் பல லைன் கிடக்கிறது, கையில் அது ஓடுகிற மாதிரி வேறு எதுவும் ஓடவில்லை, அதற்கு என்ன செய்ய.

தம்பி, பழைய ராடோ பூட்ஸோ இறகு ஃப்ளையோ எடுத்துப் போவதாக இருந்தால் ஊரிலேயே சுரண்டிக் கழுவிக் காயவைத்து, பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். நியூசிலாந்துக்குள் நுழைய நிரப்பும் பயணி அறிவிப்புப் படிவத்தில் மீன்பிடிச் சாமான் உண்டு என்று டிக் போடுங்கள். போடாமல் பிடிபட்டால் 400 டாலர் அபராதம். ஆச்சி கட்டிக் கொடுக்கும் கருவாட்டையும் அதே படிவத்தில் எழுத வேண்டும்.