ட்யூனர் பெடல் வாங்கப் போகிறவர்களே, விற்பவர் அனுப்பும் வீடியோவை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

எலக்ட்ரிக் கிட்டாருக்கோ பேஸ் கிட்டாருக்கோ ட்யூனர் பெடல் (கம்பியின் சுருதி சரியா என்று காட்டுகிற, காலால் மிதிக்கும் சிறு பெட்டி) தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். என் ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசி போய்விட்டது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்ற பதில் இன்று காலைதான் வந்தது. ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் உடனே எழுதுகிறேன். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. இசைக்கருவிகளும் அவற்றுக்கான சாமான்களும் மட்டும் விற்கிற ஆன்லைன் தளம் அது. வெளி வியாபாரிகளும் அதில் கடை போட்டுக்கொள்ளலாம். "வாங்குபவருக்கு முழுப் பாதுகாப்பு" என்று முகப்பிலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ட்யூனர் பெடல் ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். நான் ஐந்து கம்பி பேஸ் வாசிக்கிறேன், சில பாட்டுகளுக்கு கிட்டார். போன் ஆப் வீட்டுக்குச் சரி. பக்கத்தில் ட்ரம்ஸ் அடிக்கிற இடத்தில் போனின் மைக்குக்கு எதுவும் புரியாது. ஹெட்ஸ்டாக்கில் (கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதியில்) மாட்டுகிற கிளிப் ட்யூனர் மரத்தின் அதிர்வை வைத்துக் கண்டுபிடிக்கிறது. கிட்டாருக்கு நன்றாகவே வேலை செய்யும், பேஸின் தடித்த கம்பிக்கு வந்தால் தடுமாறும். பெடல் அப்படி இல்லை. கேபிள் வழியாக வருகிற சிக்னலை நேரடியாக வாங்குகிறது, சுற்றிலும் என்ன சத்தம் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. மிதித்தால் ஆம்புக்கு, அதாவது ஒலிபெருக்கிக்கு, போகிற ஒலி நின்றுவிடும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் யாருக்கும் கேட்காமல் சுருதி சேர்க்கலாம். மேடையில் வாசிப்பவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை.

விளம்பரத்தில் நான்கு விஷயம் சொல்லியிருந்தார்கள். பெயர்பெற்ற கம்பெனியின் அசல் தயாரிப்பு. ஐந்து கம்பி பேஸின் லோ பி (இருப்பதிலேயே தடித்த கம்பியின் சுரம்) வரை பிடிக்கும். ட்ரூ பைபாஸ் (அணைந்திருக்கும்போது ஒலி உள்ளே இருக்கிற மின்சுற்றைத் தொடாமல் நேராகக் கடந்து போவது). ஒரு சென்ட் துல்லியம். (ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் சென்ட்.) நான் உடனே ஆர்டர் போடவில்லை. முதலில் விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டேன்: "பேஸின் லோ பி 30.87 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியை ஓப்பனாக (எங்கும் விரல் அழுத்தாமல்) தட்டினால் இந்தப் பெடல் தடுமாறாமல் காட்டுமா? காட்டும் என்றால் வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா?"

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "நானும் பேஸ் வாசிக்கிறவன்தான் ப்ரோ, உங்கள் கவலை எனக்குப் புரியும்." அடுத்து வீடியோ. ஒரு கை ஐந்தாவது கம்பியைத் தட்டுகிறது, திரையில் பி என்று வருகிறது, ஸ்ட்ரோப் கோடுகள் ஊர்ந்து ஊர்ந்து அப்படியே நிற்கின்றன. சுருதி சேர்ந்தால் கோடுகள் நிற்கும், ஏறினாலோ இறங்கினாலோ ஒரு பக்கமாக ஓடும், அதுதான் ஸ்ட்ரோப் முறை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எந்தக் கம்பி போட்டிருக்கிறீர்கள், எந்த மாதிரி பாட்டு வாசிக்கிறீர்கள் என்றெல்லாம் அவர் விசாரித்தார். பெடல் வரிசையில் ட்யூனரை முதலில் வையுங்கள், டிஸ்டார்ஷனுக்கு (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலுக்கு) பின்னால் வைத்தால் ஓவர்டோன் (அடிப்படை ஒலிக்கு மேலே எழும் ஒலிகள்) கூடிப்போய் ட்யூனர் குழம்பும் என்று சொன்னார். சொன்னது உண்மை. விஷயம் தெரிந்த ஒருவர், நம்மைப் போல வாசிக்கிற ஒருவர் என்ற நம்பிக்கை வந்தது அங்கேதான். என்னிடம் பணம் பறிபோன இடமும் அதுதான். தளத்தின் வழியாகவே, அவர்கள் சொன்ன முறைப்படியே, முழுப் பணத்தையும் கட்டினேன்.

பெடல் வந்தது. பெட்டி, ஸ்டிக்கர், எடை எல்லாம் அசல் போலவே இருந்தது. முதலில் கிட்டாரில் மாட்டினேன். ஆறு கம்பியும் ஒன்றோடொன்று சேர்ந்தன. கீபோர்டோடு சேர்ந்து வாசித்தால் மட்டும் காதில் உறுத்தியது. செட்டிங்கைத் திறந்து பார்த்தால் ஏ சுரம் 445 ஹெர்ட்ஸில் இருந்தது. உலகம் முழுக்கப் பொதுவாக ஏ என்றால் 440 ஹெர்ட்ஸ். உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 1955-ல் பரிந்துரைத்து 1975-ல் தரமாக அறிவித்த அளவு அது. 445 என்றால் கிட்டத்தட்ட 20 சென்ட் ஏற்றம், கீபோர்டோடு சேர்த்துக் கேட்டால் தெரியும். சரி, 440-க்கு மாற்றினேன். அணைத்துப் போட்டால் மறுபடி 445. எத்தனை முறை மாற்றினாலும் அது நினைவில் நிற்கவில்லை.

பிறகு பேஸை மாட்டினேன். எதற்காக வாங்கினேனோ அந்த லோ பி. தட்டினால் ஒரு கணம் பி, அடுத்த கணம் எஃப் ஷார்ப், அப்புறம் வெறும் திரை, மறுபடி எஃப் ஷார்ப். எஃப் ஷார்ப் எங்கிருந்து வருகிறது என்றால், 30.87-ஐ மூன்றால் பெருக்கினால் 92.6 ஹெர்ட்ஸ். அது எஃப் ஷார்ப். தடித்த கம்பியில் அடிப்படை ஒலி பலவீனமாக இருக்கும், அதன் மடங்குகளாக மேலெழும் ஹார்மோனிக்குகள் பலமாக இருக்கும். நல்ல ட்யூனர் இதைப் பிரித்தறிந்து பி என்று சொல்லும். மட்டமான ட்யூனர் மூன்றாவது ஹார்மோனிக்கைப் பிடித்துக்கொள்ளும். இ கம்பியில் தட்டினால் சில சமயம் பி என்று காட்டியதும் இதே காரணத்தால்தான்.

ம்யூட்டும் முழுதாக இல்லை. மிதித்த பிறகும் ஆம்பில் மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ட்ரூ பைபாஸ் என்று சொன்னார்களே, அதையும் சோதித்தேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடாப்டரும் மாட்டாமல் வாசித்தால் ஒலி அடியோடு நின்றது. மின்சாரம் இல்லாமல் ஒலி கடந்து போகவில்லை என்றால், சிக்னல் உள்ளே இருக்கிற மின்சுற்றின் வழியாகத்தான் போகிறது. இன்புட்டையும் அவுட்புட்டையும் ஸ்விட்ச் நேராக இணைக்கிற ட்ரூ பைபாஸ் அது இல்லை. நல்ல பஃபர் (சிக்னல் பலவீனமாகாமல் காக்கும் மின்சுற்று) இருக்கிற பெடல் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. நீளமான கேபிள் போடுகிறவர்களுக்கு பஃபர் உதவிதான், மேல் அதிர்வெண்கள் மங்காமல் காக்கும். என் புகார், இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லி விற்றார்கள் என்பது. அதிலும் இந்தப் பெடல் அணைந்திருக்கும்போதே கிட்டாரின் தெளிவைக் குறைத்தது.

அன்றே எழுதினேன். அன்றிலிருந்து தட்டிக்கழிப்புதான்.

முதலில், "கேபிள் சரியில்லை ப்ரோ." வேறு கேபிள் போட்டேன், அதேதான். பிறகு, "கம்பி பழசாக இருக்கும்." புதுக் கம்பி. அடுத்து, "நெக் பிக்கப்பில் (கழுத்துப் பக்கமாக இருக்கும், கம்பியின் அதிர்வை வாங்கும் பகுதியில்) வையுங்கள், டோனைக் குறையுங்கள், ஒவ்வொரு கம்பியாக, மற்றதைக் கையால் அடக்கிக்கொண்டு மெதுவாகத் தட்டுங்கள்." இவை எல்லாமே நல்ல யோசனைகள், எந்த ட்யூனருக்கும் பொருந்தும். எல்லாவற்றையும் செய்தேன், எதுவும் மாறவில்லை. எனக்கு எரிச்சல் மூட்டுவதே இதுதான்: அந்த ஆள் சொன்ன பொய்களைவிட, சொன்ன உண்மைகள்தான் என் நேரத்தைத் தின்றன. ஒவ்வொரு உண்மையையும் சோதித்து முடிப்பதற்குள் நாட்கள் போயின.

அதற்கப்புறம், "12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக் (கம்பியின் நடுவில் லேசாகத் தொட்டுத் தட்டுவது) வாசித்துப் பாருங்கள்." வாசித்தேன். காட்டியது. "பார்த்தீர்களா, பெடல் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். 12-ஆம் ஃப்ரெட்டில் வருவது ஒரு ஸ்தாயி மேலே, 61.74 ஹெர்ட்ஸ். அதை எந்த மலிவு ட்யூனரும் பிடிக்கும். நீங்கள் விற்றதும் வீடியோவில் காட்டியதும் ஓப்பன் கம்பி அல்லவா என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து, "நீங்கள் வேறு அடாப்டர் போட்டிருப்பீர்கள், அதனால் வாரன்ட்டி கிடையாது." நான் முதல் நாளிலிருந்து பெட்டியோடு வந்த 9 வோல்ட் பேட்டரியில்தான் சோதித்தேன், படங்களும் அனுப்பியிருக்கிறேன்.

அந்த வீடியோவைத் திரும்ப நிதானமாகப் போட்டுப் பார்த்தேன். அதில் இருப்பது ஸ்ட்ரோப் கோடுகள். என் கைக்கு வந்த பெடலில் ஸ்ட்ரோப் முறையே கிடையாது, ஊசி மாதிரி நகர்கிற விளக்குகள் மட்டும்தான். கம்பெனியின் பெயர் இருக்கிற இடத்தை வீடியோவில் கட்டைவிரல் கடைசிவரை மறைத்துக்கொண்டிருக்கிறது. கேட்டதற்கு, "புது பேட்சில் டிஸ்ப்ளேயை மாற்றிவிட்டார்கள்." அதோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

தளத்திடம் போனேன். "விற்பனையாளரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று தானாக வருகிற பதில். மறுபடி எழுதினேன், வீடியோ ஆதாரம் கேட்டார்கள். லோ பி-க்கு எஃப் ஷார்ப் காட்டுவதை, 445-க்குத் திரும்புவதை, பேட்டரி இல்லாமல் ஒலி சாவதை, எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "பொருள் இயங்குகிறது, ஒலியைக் கண்டறிகிறது, ஆகவே பழுது என்று கருத இயலாது." இசைக்கருவி விற்கிற தளத்தில் இதைப் படித்துப் பார்க்க, ட்யூனர் என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர்கூடவா இல்லை? தவறான சுரத்தைக் காட்டுகிற ட்யூனர் இயங்குகிறது என்றால் அந்தப் பொருளுக்கு என்னதான் வேலை?

அதற்கும் மேல் ஒன்று. திருப்பி அனுப்புவதற்கான காலக்கெடு முடிந்துவிட்டது என்றார்கள். கேபிள், கம்பி, பிக்கப், ஹார்மோனிக் என்று விற்பனையாளர் என்னை அலையவிட்ட நாட்கள் எல்லாம் அந்தக் கெடுவுக்குள்தான் கழிந்தன. அவர் வேண்டுமென்றேதான் இழுத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசியாக, பெட்டியில் பெயர் போட்டிருந்த கம்பெனிக்கே சீரியல் எண்ணை அனுப்பிக் கேட்டேன். அப்படி ஒரு எண்ணில் எங்கள் பெடல் எதுவும் இல்லை என்று எழுத்தில் பதில் கொடுத்தார்கள். போலி என்பது உறுதி. அந்தப் பதிலையும் தளத்துக்கு அனுப்பினேன். "விற்பனையாளரிடம் விசாரிக்கிறோம்" என்றார்கள். விசாரித்து முடித்ததுதான் இன்று காலை வந்த செய்தி. பணம் கிடையாது. ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசி, ஒரு போலிப் பெடலுக்கு. விற்பனையாளரின் கடை அதே தளத்தில் அதே விளம்பரத்தோடு இப்போதும் திறந்திருக்கிறது.

விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இருக்கிற மனநிலையில் முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

முடிந்தால் நேரில் போய், உங்கள் கருவியையே கொண்டுபோய்ச் சோதித்து வாங்குங்கள். பேஸ் என்றால் இருப்பதிலேயே தடித்த கம்பியை ஓப்பனாகத் தட்டிப் பாருங்கள், 12-ஆம் ஃப்ரெட்டில் காட்டினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். வீடியோ வாங்கினால் சீரியல் எண்ணும் திரையும் ஒரே ஷாட்டில் வர வேண்டும் என்று கேளுங்கள், பணம் கட்டுவதற்கு முன்பே அந்த எண்ணைக் கம்பெனியில் விசாரியுங்கள். 440-க்கு வைத்து, அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். ட்ரூ பைபாஸ் என்றால் மின்சாரத்தை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். ஏதாவது கோளாறு தெரிந்தால் விற்பனையாளரோடு பேசிக்கொண்டே இருக்காதீர்கள், அன்றைக்கே தளத்தில் ரிட்டர்ன் போட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

பணம் கட்டிய கார்டின் வங்கியில் கம்பெனியின் பதிலை இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். கட்டைவிரல் மறைக்கிற, ஸ்ட்ரோப் கோடுகள் நிற்கிற அந்த வீடியோ வேறு யாருக்காவது வந்திருந்தால் உடனே எனக்குத் தெரியப்படுத்துங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் தளத்தின் மீது சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.