நியூஜெர்சியில் எங்கள் பிள்ளைகளின் கப் ஸ்கவுட் பேக்: ஒரு அம்மாவின் மதிப்புரை

இங்கே புதிதாக வந்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, பிள்ளையைக் கப் ஸ்கவுட்டில், அதாவது சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் பிரிவில், சேர்க்கலாமா என்பது. எங்கள் ஊர்க் குழுவான பேக்கைப் பொறுத்தவரை என் பதில், தாராளமாகச் சேர்க்கலாம். கூடாரம் போடவும் முடிச்சுப் போடவும் கற்றுக்கொடுக்கிறார்கள், பைன்வுட் டெர்பி என்ற பந்தயத்தில் சின்ன மரக்காரை ஓட விடலாம், எல்லாம் உண்மைதான். ஆனால் நான் இந்தப் பேக்கை மதிப்பதற்குக் காரணம் வேறு. பிள்ளைகளின் பாதுகாப்பு விஷயத்தில் அங்கே யாருக்கும் சலுகை கிடையாது.

மகன் மூன்றாம் வகுப்பு, மகள் முதல் வகுப்பு. இரண்டு பேரும் ஒரே பேக்கில் வெவ்வேறு டென்னில் இருக்கிறார்கள். டென் என்பது பேக்குக்குள் வகுப்புவாரியாகப் பிரித்த சிறு குழு. ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் கூட்டம் நடக்கும். மதத்துக்கும் கூட்டத்துக்கும் சம்பந்தமில்லை, இடம் மட்டும்தான் அவர்களுடையது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்திய, சீனக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள்.

சேர்ப்பதற்கு முன் என் கணவர் ரொம்பத் தயங்கினார். அவர் தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கப் ஸ்கவுட்டை நடத்தும் அமைப்பான பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா 2020 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. சிறுவயதில் சாரணர் இயக்கத்தில் இருந்தபோது பாலியல் கொடுமைக்கு ஆளானோம் என்று 82,000-க்கும் அதிகமானோர் இழப்பீடு கேட்டு வந்தார்கள். 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் முன்னால், 2012-ல், ஓரிகன் மாநில உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 1,200-க்கும் மேற்பட்ட பழைய கோப்புகள் வெளியாயின. யார் யார்மீது புகார் வந்தது என்று அந்த அமைப்பே எழுதிப் பூட்டி வைத்திருந்த கோப்புகள் அவை. பல ஊர்களில் போலீஸுக்குப் போக வேண்டிய விஷயம் அலமாரிக்குள் போயிருந்தது. 2025 பிப்ரவரியில் அமைப்பின் பெயர் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று மாறியது. பெயரை மாற்றினால் பழசு மறைந்துவிடாது. அதனால்தான், உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றேன்.

நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். பிள்ளைக்குத் தீங்கு செய்கிறவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் இல்லை, வீட்டார் நம்புகிற ஆள்தான் என்பதை எங்கள் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். முதலில் குடும்பத்தின் நம்பிக்கையைச் சம்பாதிப்பார், அப்புறம் பிள்ளையோடு தனியாக இருக்க நேரம் தேடுவார். ஆகவே 'நல்ல மனிதரா, கெட்ட மனிதரா' என்று ஆளை எடைபோட்டுப் பயனில்லை. தனிமைக்கே இடம் கொடுக்காமல் இருப்பதுதான் வழி.

ஸ்கவுட்டிங் அமெரிக்காவின் விதிகள் இந்த இடத்தில்தான் கையை வைக்கின்றன. எந்த நிகழ்ச்சியானாலும் 21 வயது நிரம்பிய, பதிவு செய்த இரண்டு தலைவர்கள் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது, சொந்தப் பெற்றோர் தவிர. இது கூடத்தில் மட்டுமல்ல, காரிலும் போனிலும் செல்லும். பிள்ளைக்கு ஒரு தலைவர் தனியாக மெசேஜ் அனுப்ப முடியாது, இன்னொரு பெரியவரும் அதில் இருக்க வேண்டும். பெற்றோர் எந்தக் கூட்டத்துக்கும் வந்து உட்காரலாம். ரகசியச் சடங்கு, ரகசியக் குழு எதுவும் கூடாது. தலைவர்களுக்குக் குற்றப் பின்னணிச் சோதனையும் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம்.

எழுதி வைப்பது எளிது. இந்த விதி இடைஞ்சலாகும்போது என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்த்தேன்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் ரூட் 1 நெடுஞ்சாலையில் விபத்து, வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. கணவரும் ஊரில் இல்லை. மகனின் டென் லீடர் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். அவருக்குப் போன் செய்து, வீட்டில் அத்தை இருக்கிறார், பையனைக் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டேன். அவருடைய மகன் அன்று காய்ச்சலில் வரவில்லை. 'வண்டியில் நானும் உங்கள் பையனும் மட்டும்தான் இருப்போம், அது முடியாது. நீங்கள் வரும்வரை நானும் இன்னொரு லீடரும் அவனோடு கூடத்திலேயே இருக்கிறோம்' என்றார். நான் போய்ச் சேரும்போது கூடத்தில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் கதவுக்கு நேராக உட்கார்ந்து ஊனோ சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்த அத்தைக்கு இது மனசே ஆறவில்லை. "பக்கத்துத் தெருதானேம்மா, அந்தத் தம்பியே கூட்டிட்டு வந்துட்டா என்ன? நம்மளை நம்பலையா அவங்க?" என்றார். நமக்கு அப்படித்தான் தோன்றும். வாத்தியார் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டால் அதை அன்பாகப் பார்த்துப் பழகியவர்கள் நாம். நான் அத்தைக்குச் சொன்னது இதுதான்: அத்தை, இன்றைக்கு இந்த நல்லவருக்காக விதியைத் தளர்த்தினால், நாளைக்கு வேறொருவர் 'நானே கொண்டுவந்து விடுகிறேன்' என்னும்போது பையனுக்கு அதில் எதுவும் வித்தியாசமாகத் தெரியாது. இப்போது அவனுக்குத் தெரியும். எட்டு வயதுப் பையன், 'எந்த லீடரும் என்னைத் தனியா கூட்டிட்டுப் போகக் கூடாது' என்று அவனாகவே சொல்கிறான். எனக்கு அது எந்த பேட்ஜையும் விடப் பெரிது.

மகள் டென்னிலும் ஒரு முறை இதே உறுதியைப் பார்த்தேன். பெண் பிள்ளைகள் இருக்கும் நிகழ்ச்சியில் பதிவு செய்த பெண் தலைவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்த வாரம் அவருக்கு உடம்பு சரியில்லை, மாற்று ஆளும் கிடைக்கவில்லை. கூட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். சில பெற்றோர் முணுமுணுத்தார்கள், வேலையிலிருந்து ஓடிவந்த களைப்பு அவர்களுக்கு. அதன்பிறகு நானே பதிவு செய்து, ஆன்லைன் பயிற்சியை முடித்து, உதவித் தலைவராகச் சேர்ந்துகொண்டேன். அந்தப் பயிற்சியில் என்னை நிமிர வைத்த பகுதி புகார் பற்றியது. சந்தேகம் வந்தால் பேக்கின் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. பார்த்தவரோ கேட்டவரோ அவரேதான் போலீஸுக்கோ குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கோ உடனே சொல்ல வேண்டும், அந்தக் கடமையை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. நியூஜெர்சி சட்டமும் இதையேதான் சொல்கிறது. நர்ஸ், டாக்டர் மட்டுமல்ல, நியாயமான சந்தேகம் வந்த யாராக இருந்தாலும் புகார் செய்யக் கடமைப்பட்டவர்கள். அலமாரிக் கோப்புகளின் காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

சரி, நடத்தை விஷயத்துக்கு வருகிறேன். நம் பெற்றோர் பலர் 'அங்கே போனால் டிசிப்ளின் வரும்' என்று சேர்க்கிறார்கள். வரும். ஆனால் நாம் பள்ளியில் பார்த்த விதத்தில் இல்லை.

ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் முதலில் முடிக்க வேண்டியது பாப்கேட் என்ற பகுதி. ஸ்கவுட் உறுதிமொழி, ஸ்கவுட் சட்டத்தின் 12 குணங்கள் எல்லாம் அதில் வரும். அதோடு, டென்னுக்கான நடத்தை விதிகளைப் பிள்ளைகளே உட்கார்ந்து எழுத வேண்டும். மகன் டென்னில் ஒரு பெரிய சார்ட்டில் மார்க்கரால் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, குச்சியைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது, தோற்றவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று வரிசையாக வந்தது. ஒரு சிறுமி, 'யாராவது நிறுத்து என்றால் விளையாட்டாக இருந்தாலும் உடனே நிறுத்த வேண்டும்' என்று சேர்த்தாள். லீடர் அதைப் படித்துவிட்டு, இதைப் பெரியவர்களும் பின்பற்ற வேண்டும் என்று சொல்லித் தானும் கீழே கையெழுத்துப் போட்டார். கூடத்தில் சத்தம் கூடினால் யாரும் கத்துவதில்லை. ஒருவர் இரண்டு விரலை உயர்த்துவார், பார்த்தவர்கள் ஒவ்வொருவராக விரலை உயர்த்தி வாயை மூடுவார்கள். முதல் வகுப்புப் பிள்ளைகளிடமும் இது பலிக்கிறது.

அதே பாப்கேட்டில், பிள்ளையைக் கொடுமையிலிருந்து காப்பது பற்றிய ஒரு கையேட்டைப் பெற்றோர் வீட்டில் பிள்ளையோடு சேர்ந்து படித்து, அதில் உள்ள பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. தயவுசெய்து கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். உடம்பைப் பற்றி, யார் தொடலாம், யாரிடம் சொல்லலாம் என்பதைப் பற்றித் தமிழில் பேச நமக்குக் கூச்சமாக இருக்கும். நாங்கள் சாப்பாட்டு மேசையில் தமிழிலேயே பேசினோம். 'அம்மாகிட்ட சொல்லாதேன்னு யாராவது சொன்னா, அதைத்தான் முதல்ல அம்மாகிட்ட சொல்லணும்' என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

மூன்றாம் வகுப்பில் மடக்குக் கத்தியால் மரம் செதுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். எனக்கு முதலில் வயிற்றைக் கலக்கியது. மடக்கிய கத்தியைக் கையில் பிடித்துக் கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், யார்மீதும் படாவிட்டால்தான் திறக்கலாம். விதிகளைச் சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு அட்டை தருகிறார்கள். தவறு செய்தால் அட்டையின் ஒரு மூலையை வெட்டுவார்கள், நான்கும் போனால் கத்தி கிடையாது. ஒரு பையன் திறந்த கத்தியோடு எழுந்து நடந்தான். லீடர் கத்தியை மூடச் சொன்னார், மூலையை வெட்டினார், அவன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார், அவ்வளவுதான். மற்றவர்கள் முன் ஒரு சொல் வரவில்லை. அவன் அடுத்த வாரமும் ஆசையோடு வந்தான்.

குறை இல்லாமல் இல்லை. இலையுதிர் கால முகாமில், நெருப்பில் கல் எறிந்த இரண்டு பையன்களை உதவிக்கு வந்திருந்த ஒரு அப்பா எல்லோர் முன்னாலும் புஷ்-அப் எடுக்க வைத்தார். அடிப்பது மட்டுமல்ல, அவமானப்படுத்தும் தண்டனையும் ஸ்கவுட்டில் தடை. பேக்கின் தலைவரான கப்மாஸ்டர் வந்து நிறுத்தினார், அந்த அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதுவரை சரி. ஆனால் அந்தப் பையன்களின் வீட்டுக்கு விஷயம் சொன்னது பல நாள் கழித்துத்தான், அதற்குள் பிள்ளைகள் வாய்வழியாக அது வேறு கதையாகியிருந்தது. அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்று, முகாம் படங்களைப் பிள்ளைகளின் முகம் தெரிய பேக்கின் பொதுப் பக்கத்தில் கேட்காமலே போட்டார்கள். நான் எழுதியதும் எடுத்துவிட்டார்கள், இப்போது முன்கூட்டிக் கேட்கிறார்கள். யாராவது சொல்லும்வரை காத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

முகாமைப் பற்றிச் சுருக்கமாக. கப் நிலையில் பிள்ளை தன் பெற்றோரோடு ஒரே கூடாரத்தில் தூங்கலாம், வேறு பெரியவரோடு கூடாது. குளியலறை ஒன்றுதான் இருந்தது, வாசலில் ஒரு பலகையைத் தொங்கவிட்டுச் சிறுவர் நேரம், பெரியவர் நேரம் என்று திருப்பி வைத்தார்கள். கழிப்பறைக்கு இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். நியூஜெர்சிக் காடுகளில் உண்ணி அதிகம், அது கடித்தால் லைம் நோய் வரலாம். ஆகவே தினமும் உடம்பைச் சோதிக்க வேண்டும், அதைப் பெற்றோர்தான் செய்கிறார்கள். சைவக்காரர்கள் கவனிக்க: நெருப்பில் சுட்டுத் தரும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், கையோடு வேறு கொண்டு போங்கள். மருத்துவப் படிவங்கள் நிறைய, அலுக்காமல் நிரப்புங்கள். அலர்ஜி விவரத்தை எங்கள் லீடர்கள் உண்மையிலேயே படிக்கிறார்கள், முந்திரி அலர்ஜி உள்ள பிள்ளைக்காக முகாமின் சிற்றுண்டிப் பட்டியலையே மாற்றினார்கள். நிதி திரட்டப் பிள்ளைகள் செய்யும் பாப்கார்ன் விற்பனை மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. கடை வாசலில் குளிரில் பிள்ளைகளை நிற்க வைக்க நான் அனுப்புவதில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை.

உங்கள் ஊரில் பேக் தேடுகிறீர்களானால், சேர்க்கும் முன் ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் கடைசிவரை உட்காருங்கள். கழிப்பறைக்குப் போகிற பிள்ளையோடு யார் போகிறார்கள் என்று பாருங்கள். கூட்டம் முடிந்து, அழைத்துப் போக ஆள் வராத பிள்ளையோடு யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு லீடரிடம், 'யாராவது பெரியவரைப் பற்றி என் பிள்ளை ஏதாவது சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று நேராகக் கேளுங்கள். 'முதலில் நாங்கள் விசாரிப்போம்' என்று பதில் வந்தால் வேறு பேக் பாருங்கள். 'பெற்றோர் வெளியே காத்திருங்கள்' என்று சொல்லும் இடமாக இருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை கூட நிற்க வேண்டாம்.