மரக்குற்றி இழுக்க: கைவின்சா, லேண்ட்மாஸ்டரா?

50 சென்ரிமீற்றர் விட்டமும் 3 மீற்றர் நீளமும் உள்ள பச்சை மாமரக் குற்றி 600 கிலோவை நெருங்கும். திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளி மணலில் அதை லேண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கொழுவினால் சில்லு சுழன்று கிடங்குதான் தோண்டும். அங்கே கையால் இயக்கி வடத்தை இழுக்கும் கைவின்ச்தான் சரி. வேகம் குறைவு, ஆனால் ஒடுங்கிய ஒழுங்கையிலும் மதிலை இடிக்காமல் குற்றியைக் கொண்டுவரலாம்.

வின்சை உயிருள்ள மரத்தின் அடியில் அகலப் பட்டியால் கட்டுங்கள். வெறும் கம்பிவடம் பட்டையை அறுத்துவிடும். குற்றியில் ஒரு கப்பி மாட்டி, வடத்தின் நுனியை வேறொரு மரத்தில் கட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிக்கும், வேகம் பாதியாகும். பலர் கவனிக்காதது இது: கப்பியைப் பிடிக்கும் பட்டியும் அந்த இரட்டைச் சுமையைத் தாங்கவேண்டும். இழுபட்டு விறைத்த வடத்தின் மேல் நனைத்த சாக்கைப் போடுங்கள், அறுந்தால் வீச்சுக் குறையும். வடம் மடங்கும் கோணத்துக்குள் ஒருவரும் நிற்கவே கூடாது. குற்றியின் முன்விளிம்பைச் சரித்துச் செதுக்கினால் மண்ணில் குத்தாது.

தம்பலகாமம் பக்கம் அறுவடை முடிந்து காய்ந்த வயலென்றால் லேண்ட்மாஸ்டர். குற்றியைச் சிறிதாக அறுத்து, முன்நுனியைத் தூக்கிக் கட்டவேண்டும். சங்கிலியைத் தாழ்வாகக் கொழுவுங்கள். உயர்ந்தால் இயந்திரத்தின் முன்பக்கம் கிளம்பும். மாரி மழை தொடங்கிவிட்டால் அந்த வயலுக்கும் வின்ச்தான்.