பெயர்ச்சீட்டில் வெறும் ‘கோல்டன்ராட்’: இலையுதிர்கால நாற்றுப் பெட்டிக்கு மூன்றரை நட்சத்திரம்

தபாலில் வந்த இந்த நாற்றுப் பெட்டியை நட்டு இரண்டு இலையுதிர்காலம் முடிந்துவிட்டது. முதல் வருடமே விமர்சனம் எழுதியிருந்தால் ஒரு நட்சத்திரம்தான் கொடுத்திருப்பேன். அந்த வருடம் பூத்தது மொத்தமே ஒரே ஒரு ஆஸ்டர், அதுவும் எண்ணி ஏழெட்டுப் பூ. இவையெல்லாம் பல்லாண்டுச் செடிகள், முதல் வருடம் வேர் பிடிப்பதிலேயே கழிந்துவிடும் என்று எனக்குத் தெரியாது, பெட்டிக்குள் இருந்த குறிப்புத்தாளிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கோபத்தில் எதையாவது எழுதித் தொலைக்காமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.

பெட்டியில் 16 குழித்தட்டு நாற்றுகள். சாமந்தி மாதிரிப் பூக்கும் நியூ இங்கிலாந்து ஆஸ்டர், அரோமாட்டிக் ஆஸ்டர், நீலப் பூ பூக்கும் பாட்டில் ஜென்ஷியன், மஞ்சள் கொத்தாகப் பூக்கும் கோல்டன்ராட், ஒவ்வொன்றிலும் நான்கு. கூடவே இலவசமாக ஒரு கலவை விதைப் பாக்கெட். எல்லாமே வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மண்ணுக்குச் சொந்தமான செடிகள், அங்கே தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பெட்டி. வேறு கண்டத்தில் இருப்பவர்கள் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு இதே பட்டியலை வாங்கிவிடாதீர்கள். கனடா கோல்டன்ராட் ஐரோப்பாவிலும் சீனாவிலும் தரிசு, சாலையோரம் எல்லாம் பரவி அங்கிருந்த செடிகளை நெருக்கித் தள்ளும் களை. உங்கள் பகுதியில் வருடத்தின் கடைசியில் தானாகப் பூக்கும் செடி எது என்று பார்த்து அதை நடுங்கள்.

நான் வாங்கிய காரணம் சின்னது. என் தோட்டம் ஜூலையில் ஜே ஜே என்று இருக்கும், ஆகஸ்ட் முடிந்தால் காலி. ஆனால் பூச்சிகளுக்குப் பசி அதிகமாகும் நேரமே அதுதான். பம்பிள் தேனீ (உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த பருமனான தேனீ) கூட்டில் பழைய ராணி, வேலைக்காரத் தேனீக்கள், ஆண்கள் எல்லாம் குளிர் வந்ததும் செத்துப்போகும். அந்த இலையுதிர்காலத்தில் பிறந்து இணைசேர்ந்த புது ராணிகள் மட்டும் மண்ணுக்குள் தனித்தனியாகப் பதுங்கி வசந்தம் வரை தாக்குப்பிடிக்கும். அதற்கு உடம்பில் கொழுப்பு வேண்டும், அதற்குப் பூ வேண்டும். மொனார்க் பட்டாம்பூச்சியும் அப்படித்தான், கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வடக்கிலிருந்தும் மத்திய மெக்சிகோவின் மலைக்காடுகளுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிறது, வழியெல்லாம் குடித்துக்கொண்டே போனால்தான் அங்கே குளிர்காலத்தை ஓட்ட முடியும். இந்த நேரத்தில் கடைகளில் மலை மாதிரி குவித்து விற்பது என்னவோ தொட்டிச் செவ்வந்தி. அடுக்கடுக்காக இதழ் வைத்து வளர்த்த ரகங்கள், நடுவில் தேனீ நுழையவே இடம் இருக்காது. வாசலில் வருடக்கணக்கில் வைத்திருந்தேன், ஒரு தேனீ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். நாற்றுகள் வந்த விதத்தில் குறையே சொல்ல முடியாது. வேர்க்கட்டி ஈரமாக, உடையாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றி வந்தது. வாங்கும் முன் நியோனிக் (நியோனிகோடினாய்டு) பூச்சிமருந்து அடித்தீர்களா என்று நர்சரிக்குக் கேட்டு எழுதியிருந்தேன், இல்லை என்று எழுத்திலேயே பதில் வந்தது. இதை எல்லோரும் கேட்க வேண்டும், ஏனென்றால் அந்த வகைப் பூச்சிக்கொல்லி செடிக்குள் முழுதாக ஊறி மகரந்தத்திலும் தேனிலும் வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அவற்றில் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடையே போட்டது. தேனீக்காக வாங்கும் செடியில் அது இருந்தால் விருந்துக்குக் கூப்பிட்டு விஷம் வைத்த கதைதான்.

இரண்டாம் வருடம்தான் வேடிக்கை. நியூ இங்கிலாந்து ஆஸ்டர் நெஞ்சு உயரத்துக்கு வந்து, செப்டம்பரில் ஊதாப் பூவாக வெடித்தது. குளிர்ந்த காலையில் போய்ப் பார்த்தால் பூக்களுக்கு அடியில் பம்பிள் தேனீக்கள் பனித்துளியோடு தொங்கிக்கொண்டிருக்கும், தொட்டால் ஒரு காலை மட்டும் மெதுவாகத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். வெயில் படப்பட உடம்பை நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பும். பூவின் நடுவட்டம் புதிதில் மஞ்சள், நாள் ஆக ஆகச் செந்நீலமாக மாறும். தேனீக்கள் பழசைத் தாண்டிப்போய் மஞ்சளிலேயே உட்காருவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன் (அன்றைக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை).

அப்புறம் ஜென்ஷியன். இதை முதலில் மொட்டு என்றே நினைத்தேன். கருநீலத்தில், மூடிய பாட்டில் வடிவில், ஒரு வாரம் ஆகியும் விரியவில்லை, நாற்றில் ஏதோ கோளாறு என்று நர்சரிக்குக் கடிதம் எழுதப் போனவன் கடைசி நேரத்தில் நிறுத்திக்கொண்டேன். அந்தப் பூ விரியவே விரியாது, அதன் குணமே அது. பருமனான ஒரு பம்பிள் தேனீ வந்து நுனியில் உட்கார்ந்து, இதழ்களைத் தலையாலும் காலாலும் நெம்பிப் பிரித்து, உள்ளே இறங்கி மொத்தமாக மறைந்துபோனது. பூ மட்டும் ஆடுகிறது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கமாக வெளியே வந்து, உடம்பெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த பாட்டிலுக்குப் போய்விட்டது. சின்னத் தேனீக்களுக்கு இந்தக் கதவு திறக்காது. பெட்டிக்குக் கொடுத்த காசு எனக்கு அந்த இடத்திலேயே செரித்துவிட்டது. ஒன்றே ஒன்று, இது ஈரமண் கேட்கும் செடி. வறண்ட மூலையில் வைத்த இரண்டு போய்விட்டன, அது என் தப்பு.

அரோமாட்டிக் ஆஸ்டர் பற்றி எழுத அதிகம் இல்லை. முழங்கால் உயரம், வறட்சி தாங்கும், மற்றவை முடிந்த பிறகும் பூத்துக்கொண்டிருக்கும். தொந்தரவே தராத பிள்ளை.

இப்போது புகார். பெயர்ச்சீட்டில் ‘கோல்டன்ராட்’ என்று மட்டும் போட்டிருந்தது. கோல்டன்ராடில் சுமார் நூறு இனங்கள் இருக்கின்றன, சில வைத்த இடத்தில் தூராக நிற்கும், சில தோட்டத்தையே எழுதி வாங்கிக்கொள்ளும். எனக்கு வந்தது கனடா கோல்டன்ராட். இரண்டாம் வசந்தத்தில் ஆஸ்டர் பாத்திக்கு நடுவே, நட்ட இடத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, வரிசையாகத் துளிர்கள். ஒன்றைப் பிடித்து இழுத்தால் மண்ணுக்கடியில் ஓடிய தண்டு கயிறு மாதிரி நீளமாக வருகிறது, பாதியில் அறுந்தால் மிச்சம் மறுபடி முளைக்கிறது. நர்சரியில் கேட்டதற்கு, ‘உள்நாட்டுச் செடிதானே, பிரச்சினை இல்லை’ என்று பதில். பெரிய புல்வெளி வைத்திருப்பவர்களுக்குச் சரிதான். நாலு பாத்தி வைத்திருப்பவன் என்ன செய்வது? மூன்றைத் தோண்டி எடுத்துவிட்டு ஒன்றைத் தொட்டியில் அடைத்தேன். சின்னத் தோட்டமென்றால் பரவாமல் தூராக நிற்கும் சாலிடாகோ ஸ்பெசியோசா மாதிரி ஒரு கோல்டன்ராட் இனத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பார்த்து, ‘தும்மல் வரவைக்கும் செடி ஆச்சே’ என்றார். பாவம், இது வீண் பழி. கோல்டன்ராட் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, பூச்சி சுமந்தால்தான் நகரும். அதே வாரங்களில் கண்ணுக்கே தெரியாத பச்சைப் பூ பூத்துக் காற்றில் மகரந்தத்தைக் கொட்டும் ராக்வீட்தான் குற்றவாளி.

குறிப்புத்தாள் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது கிட்டத்தட்ட உபயோகமே இல்லை. உயரமான ஆஸ்டரை ஜூன் தொடக்கத்தில் பாதிக்கு வெட்டிவிட்டால் கிளைத்துக் குட்டையாக, அடர்த்தியாகப் பூக்கும் என்பதை அது சொல்லவில்லை, என்னுடையது ஒரு மழைக்கே பாதையில் சாய்ந்துவிட்டது. விதைப் பாக்கெட்டுக்கு ‘வசந்தத்தில் தூவவும்’ என்று போட்டிருந்தது. தூவினேன், ஒன்றும் வரவில்லை. இதில் பல விதைகள் ஈரத்தோடு குளிரில் சில வாரங்கள் கிடந்தால்தான் முளைக்கும். மிச்சத்தைப் பனிக்கு முன் நவம்பரில் தூவினேன், வசந்தத்தில் பொட்டுப் பொட்டாக வந்திருக்கிறது, எது ஆஸ்டர் எது களை என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நாற்றுக்கு ஐந்து, சீட்டுக்கும் தாளுக்கும் இரண்டு, ஆக மூன்றரை. ஜென்ஷியன் இன்னும் ஆறு தனியாகக் கேட்டிருக்கிறேன், இந்த முறை எல்லாம் ஈரமான மூலைக்குத்தான்.