பத்தாங் கடைத்தெரு சனிக்கிழமை தமிழ் வகுப்பு: ஆறு மாசம் மகள அனுப்பிப் பாத்ததுல

மலேசியாவுல சிலாங்கூர்ல இருக்குற எங்க ஊரு பத்தாங் பெர்ஜுந்தை, அதோட பேரு 2007ல பெஸ்தாரி ஜெயான்னு மாறிடுச்சு, ஆனா தோட்டத்துல பொறந்தவங்களுக்கு இன்னைக்கும் பத்தாங்தான். இங்க கடைத்தெருவுல ஒரு மாடியில ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தவங்க சனிக்கிழமை காலைல ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுக்குறாங்க, மாசம் 40 வெள்ளி (ரிங்கிட்). வாக்கியம் அமைக்கிறது மட்டும்தான் சொல்லித் தர்றாங்க, மத்த பாடமெல்லாம் கிடையாது.

என் மக ஆண்டு 3, அதாவது மூணாம் வகுப்பு. கட்டுரை எழுதச் சொன்னா "நான் எழுந்தேன். நான் குளித்தேன். நான் பசியாறினேன். நான் பள்ளிக்குச் சென்றேன்" இப்படியே பக்கம் ரொம்பிடும். இதுக்கு முன்னாடி ஒரு டியூஷன்ல போட்டிருந்தேன், அங்க ஆனால், எனவே, ஏனென்றால், மேலும்னு ஒரு பட்டியல குடுத்து மனப்பாடம் பண்ண வச்சாங்க, அதுல வந்த வினை என்னன்னா ஒரு நாளு "எனக்குக் காய்ச்சல், ஏனென்றால் நான் பள்ளிக்குப் போகவில்லை"ன்னு எழுதிட்டு வந்து நிக்கிறா. எனக்கு மனசே உடைஞ்சு போச்சு. வீட்டுல "காய்ச்சலா இருந்துச்சும்மா, அதான் போகல"ன்னு அழகா சொல்ற புள்ளதான் இவ.

டீச்சர்கிட்ட இதச் சொன்னப்ப அவங்க சொன்ன பதில் எனக்கு இன்னும் மறக்கல. மலாய்லயும் இங்கிலீஷ்லயும் ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல ஒரு தனிச் சொல்ல வச்சு சேக்குறாங்க, மலாய்ல தெத்தாப்பி (ஆனால்), கெரானா (ஏனென்றால்) மாதிரி. நம்ம புள்ளைங்க பள்ளியில மூணு மொழியும் ஒண்ணா படிக்குதுங்க, அதனால தமிழுக்கும் அதே வழிதான்னு நெனச்சுக்குதுங்க. தமிழ்லயும் தனிச் சொல்லு இருக்கு, ஆனா பாதி வேலைய வினைச்சொல்லோட வாலுதான் செய்யுது, அத யாரும் காட்டிக் குடுக்கலன்னாங்க.

வகுப்புல செய்றது இதுதான். ஒரு காகிதத் துண்டுல "மழை பெய்தது"ன்னு எழுதியிருக்கும், கத்திரிக்கோல், பசை. கடைசி எழுத்து "து"வ வெட்டிட்டு "தால்" ஒட்டு, "மழை பெய்ததால் நான் வரவில்லை". அதே எடத்துல "தும்" ஒட்டு, "மழை பெய்ததும் குடை பிடித்தேன்". இப்ப அதே "தும்"ம, ஒரு எழுத்துக்குப் பதிலா ரெண்டு எழுத்த வெட்டிட்டு ஒட்டச் சொல்வாங்க, "மழை பெய்தும் குடை பிடிக்கவில்லை". பெய்ததும், பெய்தும். ஒரு "த" போனா அர்த்தம் அப்படியே தலைகீழா மாறிடுது பாருங்க, நான் பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்கிட்டு இருந்தேன், எனக்கே உடம்பு சிலிர்த்துடுச்சு, முப்பத்தஞ்சு வருசமா பேசுறேன், இத ஒரு தடவ கூட நின்னு கவனிச்சதில்ல.

இன்னொண்ணு, "அப்பா குலை வெட்டினார். அப்பா வீட்டுக்கு வந்தார்." (குலைன்னா செம்பனைக் குலை) இத "வெட்டிவிட்டு வந்தார்"னு சேக்கலாம், ரெண்டையும் செஞ்சது ஒரே ஆளு. "லோரி வந்தது. அண்ணன் பழம் ஏற்றினார்"க்கு "லோரி வந்து அண்ணன் ஏற்றினார்"னு எழுதுனா இடிக்கும், ஆளு வேறயாச்சே, அதுக்கு "வந்ததும்" வேணும். புள்ளைங்க எல்லாம் செம்பனைத் தோட்டத்துப் புள்ளைங்க, குலையும் லோரியும் தெனம் பாக்குறதுதான், அதனால யாரு செஞ்சாங்கன்னு கேட்டா டக்குனு சொல்லிடுதுங்க.

"உம்"முக்கு ஒரு நாளு முழுக்க ஒதுக்கினாங்க. அண்ணனும் தங்கையும்னு ரெண்டு பக்கமும் வரணும், "அண்ணனும் தங்கை"ன்னு பாதியில விடக்கூடாது, எதுக்கெடுத்தாலும் "மற்றும்" போடக்கூடாது. தொல்காப்பியத்துல உம்முக்கு 8 பொருள் சொல்லியிருக்காம், புள்ளைங்களுக்கு இப்போதைக்கு ஒண்ணு போதும்னு எண்ணிச் சொல்ற உம்ம மட்டும் எடுத்தாங்க. அது சரின்னுதான் எனக்கும் படுது.

தனிச் சொல்லு கடைசியாத்தான் வந்துச்சு. காரணம் முன்னாடி வந்தா எனவே, பின்னாடி வந்தா ஏனென்றால். ரெண்டு துண்டையும் எடம் மாத்தி வச்சுக் காட்டினாங்க, மக அன்னைக்கே அந்தக் காய்ச்சல் வாக்கியத்த தானா திருத்திட்டா.

குறையும் இருக்கு. ஒரு வகுப்புல 18 பேரு ரொம்ப அதிகம், பின்னாடி பெஞ்சு புள்ளைங்க ஒட்டினத டீச்சர் பாக்குறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுது. துண்டெல்லாம் அங்கேயே இருந்துடுது, நோட்டுல எழுதிக் குடுத்தா வீட்டுல நாங்களும் பாத்துக்குவோம். பேச்சுல "பெஞ்சதால"ன்னு சொல்றத எழுத்துல "பெய்ததால்"னு மாத்துறதுக்கும் இன்னும் கொஞ்சம் நேரம் குடுக்கணும், என் மக இப்பவும் அதுல தடுமாறுறா. இத நேர்லயே சொன்னேன், நோட்டு விசயத்த அடுத்த மாசத்துல இருந்து செய்றேன்னாங்க.

சின்னவன் ஆண்டு 1, அவனையும் சேக்கலாமான்னு கேட்டேன். மொதல்ல ஒத்த வாக்கியத்த தப்பில்லாம எழுதட்டும்மா, அப்புறம் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.