‘எல்லா மெசினுக்கும்’ என்று எழுதிய ஃபுட் பெட்டி: மூன்று மெசினில் போட்டுப் பார்த்தேன்

மட்டக்களப்புக்குப் பக்கத்தில், ஆரையம்பதியில் எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று தையல் மெசின்கள் நிற்கின்றன. அம்மாவின் கறுப்புச் சிங்கர் கால் மெசின், இடமும் வலமுமாகப் போகிற ஜிக்ஸாக் தையல் போடுகிற பிரதர், காமெண்டில் (ஆடைத் தொழிற்சாலையில்) வேலை செய்த காசில் செகண்ட்ஹாண்டாக வாங்கிய ஜூகி டிடிஎல் 8700. மூன்றுக்கும் ஒரே பெட்டி போதும் என்று நம்பி, 32 ஃபுட் (ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கிற பாகம்) உள்ள பெட்டி ஒன்றை 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. மூடியில் ‘எல்லா மெசினுக்கும்’ என்று மட்டும் இருந்தது.

முதலில் ஜூகியில்தான் மாட்டினேன். ஃபுட்டை இறக்கினால், அது கீழே துணியை நகர்த்துகிற பல்லைத் தொடவே இல்லை, அரை அங்குலம் மேலே தொங்குகிறது. அடிமட்டத்தை எடுத்து அளந்தபோதுதான் காரணம் புரிந்தது. பெரும்பாலான வீட்டு மெசின்களில் ஃபுட்டை இறக்கி வைத்து, அதைப் பிடிக்கிற ஸ்குரூவின் நடுவிலிருந்து ஃபுட்டின் அடிவரை அளந்தால் முக்கால் அங்குலம் வரும். காமெண்ட் மெசினில் அது ஒன்றேகால் அங்குலம் அளவில் இருக்கும். பெட்டியில் உள்ள 32-உம் குட்டை வகை. ஆக, ஜூகிக்கு ஒன்றுகூட உதவாது. வாங்க முன்னர் இந்த ஒரு அளவை எடுத்திருந்தால் போதும்.

ஊசியும் அப்படித்தான். சிங்கருக்கும் பிரதருக்கும் ஒரே ஊசி: எச்ஏ ஒன்று (HA×1) என்கிற வகை, தண்டின் ஒரு பக்கம் தட்டை. ஜூகிக்கு டிபி ஒன்று (DB×1) என்கிற வகை, தண்டு முழுக்க உருண்டை, மெல்லியது. பக்கெட்டில் 14 என்று போட்டிருந்தாலும் அது ஊசியின் தடிப்பு மட்டும்தான், மெசினுக்குப் பொருந்துமா என்று அந்த நம்பர் சொல்லாது. ஊசி ஒன்றாக இருந்தாலும் மாட்டுகிற திசை வேறு. சிங்கரில் தட்டைப் பக்கம் இடது கைப்பக்கம், நூல் வலமிருந்து இடமாகக் கோர்க்க வேண்டும். பிரதரில் தட்டை பின்னால், நூல் முன்னிருந்து பின்னால்.

சரி, பெட்டி வீண்தானா? இல்லை. அம்மாவின் சிங்கரில் மாட்டியவுடன் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அது 15 ஆம் வகை மெசின். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான்காரர் வீட்டு மெசின் செய்யத் தொடங்கியபோது இந்த வகையைத்தான் மாதிரியாக எடுத்தார்கள். அதனால்தான் எத்தனையோ கம்பெனிகளின் பொபின் கேஸும் (அடிநூல் சுற்றிய பொபினை வைக்கிற கூடு) ஃபுட்டும் இதற்கு இன்றும் பொருந்துகின்றன. போன வருடம் வந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டிச் சாமான் என் அம்மா மிதித்த மெசினில் டிக் என்று பொருந்தி நிற்பதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷம்!

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது ஓரம் சுருட்டுகிற ஃபுட். பக்கத்தில் காத்தான்குடியிலிருந்து அபாயாவுக்குப் போடுகிற ஷோல்கள் தைக்க வரும். ஷிஃபொன் ஓரத்தைக் கையால் மடிப்பது பெரிய பாடு. இந்த ஃபுட்டின் முன்னால் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. துணியின் நுனியில் நாலைந்து தையல் போட்டு, நூலை நீளமாக விட்டு, அந்த நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தால் துணி தானாகவே சுருளுக்குள் ஏறும். அப்புறம் வலது கையால் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டியதுதான். முதல் ஷோலில் மூலைகள் கோணலாக வந்தன. மூன்றாவதிலிருந்து நன்றாக வருகிறது.

ஒரு எச்சரிக்கை. ஓரம் அடிக்கிற ஃபுட்டின் நடுவில் மெல்லிய கம்பி ஒன்று ஓடும். அது ஜிக்ஸாக்குக்கு உரியது, ஊசி கம்பிக்கு இரண்டு பக்கமும் இறங்க வேண்டும். என் தங்கச்சி மகள் அதைச் சிங்கரில் மாட்டி மிதித்துவிட்டாள். நேர்த்தையல் ஊசி நேரே கம்பியில் இறங்கி உடைந்து, முனை அவளுடைய கன்னத்துக்குப் பக்கத்தால் பறந்தது. எந்த ஃபுட்டை மாட்டினாலும் முதலில் கையால் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஊசி எங்கேயும் முட்டாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். தயவுசெய்து பாருங்கள்.

பொபின் இந்தப் பெட்டியில் வராது, ஆனாலும் சொல்கிறேன். சிங்கர் பொபின் 11.7 மில்லிமீற்றர் உயரம். ஜூகியின் பொபின் ஏறக்குறைய 9. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் ஒரே டின்னில் போட்டால் மாறிவிடும். சிங்கர் கேஸுக்குள் ஜூகி பொபின் கடகடவென்று ஆடி, அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கும். என் பிரதரின் கையேட்டில் 11.5 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் பொபின் மட்டும் என்று போட்டிருக்கிறார்கள். கடைக்குப் போய் நான் பொபின் என்று மட்டும் கேட்டபோது அங்கே இருந்த நானா, “தங்கச்சி, பழையதைக் கொண்டு வாங்க, வச்சுப் பார்த்துத் தாறன்” என்று திருப்பி அனுப்பினார். விற்றுவிட்டுப் போகாமல் அப்படிச் சொன்னதற்காகவே இப்போது அவரிடம்தான் போகிறேன்.

32-இல் நான் எடுத்துப் பாவிப்பது ஏழு: ஓரம் சுருட்டுவது, சிப், மறைவுச் சிப், சுருக்கு, பைப்பிங், கால் அங்குலம், பட்டன் துளை. இதில் பட்டன் துளை பிரதரில் மட்டும். வீட்டு மெசின் ஒன்று மட்டும் வைத்திருப்பவர்கள், ஸ்குரூ அளவு முக்கால் அங்குலம்தானா என்று பார்த்துவிட்டுத் தைரியமாக வாங்கலாம். ஜூகிக்குச் சிப் ஃபுட் தனியாக 350 ரூபாய்க்கு வாங்கினேன். அதை மற்றவற்றோடு கலக்காமல் ஜூகி மேசையிலேயே நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.