சிகரெட்டை விடக் கொடுத்த மாத்திரையும் என் குவார்ட்டரும்: 14 மாத அனுபவம்

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியானால் மார்கழி வரை இயந்திரம் ராப்பகலாக ஓடும். வேலை முடிந்ததும் ஒரு குவார்ட்டர், கூடவே ஏழெட்டு சிகரெட். சில ஆண்டுகளில் குவார்ட்டர் இரண்டாகிவிட்டது. காலையில் பிளேட்டை மாட்டும்போது கை நடுங்கத் தொடங்கியதும், சென்ற ஆண்டு பொங்கல் கழிந்த வாரத்தில் மதுரைக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்த்தேன்.

முதல் ஒன்பது நாள் மருத்துவமனையில்தான் இருந்தேன். அத்தனை காலம் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பவில்லை. தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் நடுக்கத்துக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். அதன்பிறகே மருத்துவர் வரெனிக்லின் என்ற மாத்திரையை எழுதினார்.

"இது சிகரெட் மாத்திரை இல்லையா? நான் குடிக்காகத்தானே வந்தேன், டாக்டர்?" என்றேன். அமெரிக்காவில் 2006இல் இதற்கு அனுமதி கிடைத்தது புகையை விடுவதற்கு மட்டும்தான், குடிக்கு எழுதுவது என் தீர்மானம் என்று மறைக்காமல் சொன்னார். என் கல்லீரல் பரிசோதனை முடிவுகள் மோசமாக இருந்தன. இந்த மருந்து கல்லீரலை அதிகம் தொந்தரவு செய்யாமல் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறிவிடுமாம். அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டு எழுதினார்.

நிகோடின் போய் உட்காரும் இடத்திலேயே மூளையில் இதுவும் உட்காருகிறது, ஆனால் பாதி அளவுதான் தூண்டுகிறது என்று விளக்கினார். எனக்கு அச்சகம்தான் நினைவுக்கு வந்தது. சிலிண்டர் சுற்றுகிறது, அழுத்தம் பாதிதான், அச்சு மங்கலாக விழுகிறது. மது தரும் கிளர்ச்சிக்கும் அந்த இடங்களுக்கும் தொடர்பு இருக்கிறதாம். இந்த மருந்தால் எலிகள் மது குடிப்பது குறைந்ததைக் கண்டு 2007இல் வெளியிட்டிருக்கிறார்கள். 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 200 பேர். அளவுமீறிக் குடிக்கும் நாள்கள் இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களிடம் குறைந்தன, புகைக்காதவர்களிடமும்கூட. 2018இல் வந்த இன்னொன்றில் ஆண்களுக்குப் பலன் தெரிந்தது, பெண்களுக்குத் தெரியவில்லை. ஆகவே எல்லோருக்கும் இதே அனுபவம் என்று எண்ண வேண்டாம்.

மூன்று நாள் அரை மில்லிகிராம் ஒருவேளை, அடுத்த நான்கு நாள் இருவேளை, பிறகு ஒரு மில்லிகிராம் இருவேளை. வெறும் வயிற்றில் போட்ட அன்று பஸ் நிலையத்திலேயே வாந்தி எடுத்தேன். நான்கு இட்லி உள்ளே போன பிறகு ஒரு சொம்புத் தண்ணீரோடு போட்டால் குமட்டல் பாதியாகிறது. கனவுகளோ நிறம் பிரித்து அச்சடித்ததுபோல் இருந்தன! ஒருநாள் ஆல்பம் முழுவதும் முருகனுக்கு மீசை வைத்து அச்சாகிவிட்டதாகக் கண்டு அலறி எழுந்தேன். இரவு மாத்திரையை ஆறு மணிக்கே போடச் சொன்னார். ஓரளவு அடங்கியது. மலச்சிக்கல் கடைசிவரை இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு கல்யாண வரவேற்பில் மூன்று பெக் குடித்தேன். எனக்கு அது ஒன்றுமே இல்லாத அளவு. ஆனால் மறுநாள் காலையில், மண்டபத்திலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பதே நினைவில்லை. மைத்துனரின் சட்டையைப் பிடித்தேனாம். இந்த மருந்தோடு குடித்தால் போதை வழக்கத்தைவிட ஏறலாம், மூர்க்கம் வரலாம், நினைவு தவறலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2015இலேயே எச்சரித்திருக்கிறது. மருத்துவரும் சொல்லித்தான் அனுப்பினார். நான்தான் காதில் வாங்கவில்லை.

பலன் என்று நான் சொல்வது அதன்பிறகு நடந்தது. சிகரெட் ஐந்தாவது வாரத்தில் நின்றது. பற்றவைத்தால் காகிதம் எரிகிற ருசிதான். குடியின் மேல் வெறுப்பெல்லாம் வரவில்லை. சாயங்காலம் ஏழு மணியானால் எழுந்து நிற்கும் அந்தப் பரபரப்பு மட்டும் தளர்ந்தது. இன்னொரு முறை தவறியபோது முதல் டம்ளர் இறங்கியது, இரண்டாவதை ஊற்றிவைத்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் சிகரெட் இல்லாமல் டம்ளரைப் பிடிக்கவே தெரியவில்லை. என்னிடம் இரண்டும் ஒரே கயிறாக முறுக்கியிருந்தன, ஒரு புரி அவிழ்ந்ததும் மற்றதும் நெகிழ்ந்தது. அதைக் கழற்றி எடுக்க வாராவாரம் ஆலோசகரிடம் போய் உட்கார வேண்டியிருந்தது. மனைவிதான் கூட வந்தாள்.

12 வாரம் முடிந்து, மேலும் 12 வாரம் சாப்பிட்டு நிறுத்தினேன். கார்த்திகையில் கடைசி லோடு லாரி ஏறிய இரவு மீண்டும் குடித்தேன், அடுத்த இரவும். மூன்றாம் நாள் காலை நானே மதுரைக்குப் பஸ் ஏறினேன். கல்லீரல் இதற்குள் தேறியிருந்ததால் இப்போது குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை கொடுக்கிறார். அன்றிலிருந்து தொடவில்லை.

மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று நேற்றும் ஒரு பைண்டிங் தம்பி கேட்டான். மருத்துவமனைக்குப் போகும் பஸ் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.